கொட்டாவி விடும் முகம்

மகளே, உனக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. அதற்குள் உன்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்தபோது மற்றப் பிள்ளைகள் கூரை பிளக்கக் கத்தின. நீ கண்ணை மட்டும் அகல விரித்துப் பார்த்தாய். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும், ஒரு சத்தம் உண்டுமா பாரு" என்று பெண்கள் உன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள். மாமிக்கு, அதாவது உன் அப்பாவைப் பெற்றவளுக்கு, பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் கோபம். அழாமல் இருந்ததற்காகக் கொஞ்சப்படும் பெண் பிற்பாடு என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிக் கொஞ்சப்பட்டவள்.

நீ வளர்ந்து என் வயதுக்கு வரும்போது படிப்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது வயது. பிள்ளைகளுக்கு நீளமாகக் கடிதம் எழுதும் பெற்றோர், தலை நரைத்து, கோபதாபமெல்லாம் அடங்கிய பிறகுதான் எழுதுவார்கள். அதுவரை காத்திருந்தால் நானும் எல்லோரையும் மன்னித்துவிடுவேனோ என்று இருக்கிறது. மன்னிக்க எனக்கு விருப்பமில்லை. பேசச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். எழுதினால் வரும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் என்றாலும் கோயில் வாசகசாலையில் இருந்த புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்தவள் நான். ஆகையால் படிக்கத் தெரியாதவள் ஏதோ உளறியிருக்கிறாள் என்று இதை மடித்து வைத்துவிடாதே.

போன வாரம் தோளில் பை மாட்டிய ஒரு பெண் நம் வீட்டுக்கு வந்தாள். உனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுனாமிக்கு மறுவருஷம் பள்ளிக்கூடத்தில் சோதித்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். மாமி நாற்காலி எடுத்துப் போட்டு, கட்டன்சாயா போட உள்ளே ஓடினாள். அந்தப் பெண் குனிந்து, காது கேட்காதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "இப்போ உங்க மனசுல என்ன தோணுதுன்னு உங்களால சொல்ல முடியுதாம்மா?"

"இப்ப கோவம் வருது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "வெரி குட்! நல்ல முன்னேற்றம்" என்று தாளில் எதையோ குறித்துக்கொண்டாள். நான் அவளிடம்தான் கோபப்பட்டேன், மகளே. என் கோபத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, சாயாவைக் குடித்துவிட்டு, போகும்போது உன் தாடையைத் தொட்டு, "பாப்பா அழவே மாட்டாளா?" என்று மாமியிடம் கேட்டாள். "அழவே மாட்டா, தங்கமாக்கும்" என்றாள் மாமி. அந்தப் பெண் மறுபடியும் பேனாவைத் திறந்தாள். அந்தப் பேனா திறந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் கரையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது அது இருக்கிறதோ ஒழிந்துவிட்டதோ தெரியாது, அதனால் சொல்கிறேன். வீட்டு ஆண் கடலுக்குப் போயிருக்கும்போது பயம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. சொன்னால் அது காற்றில் ஏறி வள்ளத்தைத் தேடிப் போகும் என்பார்கள். பல்லியைக் கண்டு கத்துகிற சின்னப் பிள்ளைகூட அப்பா கரையில் இருக்கிறாரா என்று தெரிந்துகொண்டுதான் பயமாக இருக்கிறது என்று சொல்லும். தெரியாமல் சொல்லிவிட்டால் வாயில் ஒரு அடி விழும். வள்ளம் நேரத்துக்கு வரவில்லை என்றால் பெண்கள் வாசலில் நின்று, "சோறு ஆறுது" என்று மட்டும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரியும், "எனக்க வீட்டுலயும் ஆறுதுட்டி" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. இரண்டு பேருக்கும் ஈரக்குலை நடுங்குவது இரண்டு பேருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அலை வந்தபோது என் அண்ணன் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். உனக்கு மாமாவாகியிருக்க வேண்டியவன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கரை முழுக்கச் சுற்றியிருப்பான். அவனைக் குழியில் இறக்கியபோது நான் அழவில்லை. ஏன் அழவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். என் அம்மா தலையைத் தரையில் மோதிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைக்கும் தரைக்கும் நடுவில் என் இரண்டு கைகளும் இருந்தன. கை வலித்ததே தவிர வேறொன்றும் எனக்கு அப்போது தெரியவில்லை. "இவ கல்லாக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். "இல்ல, தைரியக்காரி" என்று இன்னொருத்தி என்னை அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் என் கையைப் பார்க்கவில்லை.

அப்புறம் ரொம்ப நாள் கரையில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் உடைந்து கிடந்தன, உடையாத வள்ளத்தில் ஏறவும் கால் வரவில்லை. மறுபடியும் அப்பாமார்கள் கடலில் இறங்கத் தொடங்கிய அந்த முதல் நாட்களை நினைத்துப் பார். கடலைத் திரும்பிப் பார்க்கவே நடுங்குகிற வீடுகளிலிருந்து விடியும் முன்னே ஆண்கள் இறங்கிப் போனார்கள். எங்கள் தெருவில் அப்போது இருந்த பயத்தை வாரி மூட்டை கட்டியிருந்தால் தூக்க ஆள் போதாது. அந்த அளவு பயம், அந்த அளவு வாய்க்கட்டு. அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்துக்கு மனசை அளக்கிறவர்கள் வந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் வட்டக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருந்தது. கரைப் பிள்ளைகளும் வயல்பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தோம். வந்தவர்களில் ஒரு மிஸ்தான் எங்களிடம் பேசினாள். குரல் இனிமையாக இருக்கும். தன் உணர்ச்சி என்னவென்று தனக்கே தெரியாமலும், தெரிந்தாலும் சொல்லத் தெரியாமலும் சில பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களைக் கண்டுபிடித்தால் உதவலாம் என்றாள். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். பயம் வந்தால் அது பயம் என்று உனக்குத் தெரிகிறதா, அதைப் பிறரிடம் சொல்வாயா, காரணம் தெரியாமல் உடம்பில் ஏதாவது செய்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று கட்டங்கள். கடைசி பெஞ்சில் ரீட்டா எழுந்து நின்றாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"மிஸ், கோவத்துக்கும் சங்கடத்துக்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேட்டிருக்கு. எனக்க அம்மைக்கு ரெண்டு வந்தாலும் கையில ஒரே அகப்பதான். என்ன போட?"

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள். பிறகு எல்லோரும் குனிந்து கட்டம் போட்டோம். என் அப்பா அன்று கடலில் இருந்தார். ரீட்டாவின் அப்பாவும், கரையிலிருந்து வந்த எல்லாப் பெண்களின் அப்பாக்களும் கடலில்தான். பயம் என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரிக்கும் நான் ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். பேனா முனையை அந்தச் சொல்லின்மேல் வைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. உடம்பில் ஏதாவது செய்கிறதா என்று கேட்ட இடத்தில் மட்டும் எப்போதும் என்று போட்டேன். வயிற்றில் ஒரு கை கிடந்து பிசைந்துகொண்டே இருந்தது உண்மைதானே. பக்கத்தில் இருந்த சுபா வயல்பக்கத்துக்காரி. அவள் அப்பா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அவள் பயமாக இருக்கும், அம்மாவிடம் சொல்வேன் என்று எல்லாவற்றையும் ஒளிவில்லாமல் எழுதினாள். என் தாளை எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஒனக்குப் பயமே வராதா? நீ என்ன பட்டாளக்காரியா?" என்று கேட்டாள். நான் கையால் மறைத்துக்கொண்டேன்.

தாள்களைத் திருத்தி ஒவ்வொருத்திக்கும் ஒரு எண் போட்டார்கள். என் எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும். வயல்பக்கத்துப் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். கரையிலிருந்து வந்த நாங்கள் அத்தனை பேரும் உணர்ச்சியை அடையாளம் காணவும் சொல்லவும் சிரமப்படுகிறவர்கள் ஆகிவிட்டோம். ஒரே கரைக்காரிகள் அத்தனை பேருக்கும் ஒரே குறை எப்படி வரும் என்று யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அலையில் அடிபட்டவர்கள், அப்படித்தான் மரத்துப் போயிருப்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு பதில் ஏற்கெனவே கையில் இருந்தது. அளப்பதைத் தப்பென்று நான் சொல்லவில்லை, மகளே. உன் அப்பா வலைக்கண்ணை விரல் வைத்து அளந்து பார்க்காமல் வள்ளத்தில் ஏற்ற மாட்டார். ஆனால் பெரிய கண் வலையை வீசிவிட்டு, இது நெத்தலி இல்லாத கடல் என்று எழுதிக்கொண்டு போகிறவரை யாராவது மீன்பிடிக்காரர் என்று சொல்வார்களா?

அதன்பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்குத் தனி வகுப்பு. மற்றவர்கள் அதற்கு மூஞ்சி கிளாஸ் என்று பெயர் வைத்தார்கள். சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும், அதில் மஞ்சள் வட்ட முகங்கள். ஒவ்வொன்றையும் காட்டி இது என்ன உணர்ச்சி என்று மிஸ் கேட்பாள். சிரிக்கிற முகம், சந்தோஷம். கண்ணீர் விடுகிற முகம், துக்கம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கும். ஒரு வெள்ளிக்கிழமை என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினாள். தலைமை ஆசிரியையும் கதவருகில் வந்து நின்றாள். மிஸ் குச்சியால் ஒரு முகத்தைத் தொட்டாள். கண் இரண்டும் பிதுங்கி, வாய் வட்டமாகப் பிளந்திருந்த முகம்.

"இது என்ன உணர்ச்சி, சொல்லும்மா."

காலையில் போன வள்ளங்கள் அன்று இன்னும் திரும்பியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் காற்று வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த முகம் என்னவென்று எனக்குத் தெரியாதா? காலையிலிருந்து அந்த முகத்தோடுதானே இருந்தேன். பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொல்லிடாதட்டி என்று ஒவ்வொரு கண்ணும் கெஞ்சியது. என் அப்பா மட்டுமா கடலில் இருந்தார்? நான் வாய் திறந்தால் அவர்கள் அப்பாக்களும் சேர்ந்தல்லவா போவார்கள்? நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"யாராவது சொல்லலாமே" என்றாள் மிஸ். ஒருத்தியும் சொல்லவில்லை. "பாருங்க மேடம், ஒரு பொண்ணுக்கும் தெரியல" என்று தலைமை ஆசிரியையிடம் மெதுவாகச் சொன்னாள். அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் ரீட்டா எழுந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தாள்.

"மிஸ், அது கொட்டாவி விடுது."

ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நாங்களும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணீர் வந்தது. சிரிக்கிறாயா அழுகிறாயா என்று மிஸ் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை என்று அதையும் எழுதிக்கொண்டாள். நீ கேட்பாய், அம்மா, நீ விளக்கிச் சொல்லியிருக்கலாமே என்று. எப்படிச் சொல்ல? எங்கள் கரையில் இந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம் என்று விளக்குவதற்கும் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டுமே. வள்ளங்கள் கரைக்கு வந்தபிறகு சொல்லலாம் என்றால் மிஸ் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பாள்.

அடுத்து என் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கையைக் கட்டி நின்றார். தலைமை ஆசிரியை நல்லவள்தான், மெதுவாகத்தான் சொன்னாள். பிள்ளைக்கு மனசில் இருப்பது வெளியே வரவில்லை, அண்ணன் போனதற்குக்கூட அழவில்லையாமே, பெரிய ஊரில் கொண்டுபோய்க் காட்டுங்கள், படிப்பில் குறை ஒன்றுமில்லை என்றாள். கடைசி வார்த்தையை அப்பா கேட்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தார். அம்மா மீன் விற்றுவிட்டு வந்து பனையோலைக் கடவத்தை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு மண்டைக்கி என்னமோ சரியில்லன்னு பேப்பர்ல போட்டிருக்காவ" என்றார் அப்பா.

"ஆரெல்லாம் கேட்டாவ?" என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. பெற்ற பிள்ளைக்கு என்ன என்று அவள் கேட்கவில்லை. "ஊரு முழுக்க அறிஞ்சா இவள எவன் கெட்டுவான்? நாளையிலேருந்து போவாண்டாம். மூஞ்சி பாக்கப் போனது போதும்."

நான் நர்ஸ் படிக்க வேண்டும் என்று இருந்தேன், மகளே. அலை வந்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவோடு கிடந்தபோது, ஒருவரும் கேட்காமலேயே என் வீங்கிய கைகளைப் பார்த்துக் கட்டுப் போட்டவள் ஒரு நர்ஸ். என்ன உணர்ச்சி என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். பத்தாவது பரீட்சை எழுதினால் அதற்கு ஒரு வழி இருந்தது. "பரீட்சை மட்டும் எழுதுகேனே" என்று அடுப்படியில் நின்று கேட்டேன். "நீ பேசாம இருக்கதுதான் நமக்குப் பெரும" என்றாள் அம்மா. மிஸ் நான் பேசவில்லை என்று குறை எழுதினாள். அம்மா நான் பேசாமல் இருப்பதே அழகு என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்ததுகூட இல்லை.

ஆகவே என் கோபம் மிஸ் மேல் மட்டும் என்று நினைத்துவிடாதே. அவள் மேல் கோபப்படுவது எளிது, அவள் வெளியூர். எனக்குப் பாதிக் கோபம் நம் வீட்டு வாசல்களின் மேல். பயத்தைச் சொல்லாமல் இருந்தால் கடல் நம்மை விட்டுவிடுமா? அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் யார் பயம் என்று சொன்னார்கள்? கரையில் ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள். அலை யாருடைய வாயையும் பார்த்து வரவில்லை. இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லப் போனேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அண்ணனைப் பெற்றவள் காதைப் பொத்தினால் அவள் கையை விலக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம், அது யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை. மிஸ் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

என்னைக் கட்டிக்கொண்ட உன் அப்பா நல்லவர். பெண் பார்க்க வந்தபோது, "பிள்ள பேசாதோ?" என்று கேட்டார். "பேச்சு கொறவு, அடக்கமான பிள்ள" என்றாள் அம்மா. அந்த அடக்கத்துக்காகத்தான் மாமி என்னைத் தேர்ந்தெடுத்தாள். ரீட்டாவைக் கட்டிக்கொடுத்த இடம் மார்த்தாண்டம். கடலே தெரியாத ஊர். அங்கே ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். போனில் பேசும்போது, "மக்கா, இங்க பயமா இருக்குன்னு எப்ப வேணா சொல்லலாம். ஆனா சொல்ல ஆளில்ல கேட்டியா" என்று சிரிப்பாள். போன வாரம் வந்த பெண் அவள் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். நான் உடனே ரீட்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "வரட்டு. வந்தா மூஞ்சியப் பாத்து ஒரு கொட்டாவி விடுகேன்" என்றாள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். உன்னையும் ஒரு நாள் யாராவது அளக்க வருவார்கள். தாள் மாறும், கட்டம் மாறும், ஆனால் வருவார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வரிசையில் உட்காராதே. வீட்டில் யாராவது உன்னை நல்ல பிள்ளை என்று கொஞ்சினால், எதற்காக என்று திரும்பக் கேள். உன் அம்மா கூச்சக்காரி, அவள் பெண்ணும் அப்படித்தான் இருப்பாள் என்று ஊர் சொல்லும். என் கூச்சத்தை நீ எடுத்துக்கொள்ளாதே, அது என்னோடு போகட்டும். நானே உன் வாயில் அடிக்க வந்தால் என் கையைப் பிடித்துத் தள்ளு. அடிக்க வருவேனோ என்றுதான் எனக்கு இப்போது சந்தேகம். ஏனென்றால் காலையில் அப்படி நடக்கப் பார்த்தது.

உன் அப்பா நேற்றே போனார். இன்று காலையில் கரை பிடித்திருக்க வேண்டும். கூடப் போன வள்ளங்கள் வந்துவிட்டன. காற்று மாறிவிட்டது, வள்ளத்தைத் தெற்கே இழுத்திருக்கும் என்று சொல்கிறார்கள். போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. மாமி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். "சோறு ஆறுது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று தலையை ஆட்டினாள். பாயில் கிடந்த நீ முகத்தைச் சுளித்து உதட்டைப் பிதுக்கினாய். எனக்கு என்ன வந்ததோ, ஷ்ஷ் என்று உன் வாயருகில் விரலைக் கொண்டுபோனேன். நீ உடனே அடங்கிவிட்டாய். அவ்வளவு சுலபமாக அடங்கிவிட்டாய். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி இவ்வளவு தூரம் வந்தபிறகும் வள்ளம் வரவில்லை.

இப்போதுதான் எழுந்துபோய் உன்னை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மாமி சோற்றுப் பானையைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தாள். வாசலைப் பார்த்து, வாய்விட்டுச் சொன்னேன்: "எனக்குப் பயமா இருக்கு."

மாமி கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. "ஏட்டி, வாய்ல அடி! எனக்க பிள்ள தொழிலுக்குப் போயிருக்கான்!" என்று கத்தினாள். வேலிக்கு அப்பால் நின்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள். என் குரல் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். அதை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி இரண்டாம் முறை சொன்னேன். பயமாக இருக்கிறது, காலையிலிருந்து பயமாக இருக்கிறது, ஐந்து வருஷமாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் நீ திடுக்கிட்டாய். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாய். பிறகு முகம் சிவக்க, கையும் காலும் உதற, வீறிட்டு அழத் தொடங்கினாய்.

மாமி உன்னை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இந்த வரியை எழுதுகிறேன். இன்னும் அழுகிறாய். அழட்டும் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன்.